பன்னீர் திராட்சை, புதினா, எலுமிச்சை: ஒரு கோடைப் பானம் எப்படி இயங்குகிறது?

கோடை விடுமுறையில் சொந்தபந்தம் கூடும் வீடுகளில் எலுமிச்சைப் பானம் கலக்காத வீடு குறைவு. முதலில் வந்தவர்கள் இரண்டு தம்ளர் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். ஒரு மணி நேரம் கழித்து வருபவருக்கு அதே அண்டாவிலிருந்து ஊற்றிக் கொடுத்தால் நாக்கின் அடியில் ஒரு கசப்பு நிற்கும். புதினா இலை கறுத்துப்போய் அடியில் கிடக்கும். யாராவது இன்னும் ஒரு கரண்டி சர்க்கரையை அள்ளிப் போடுவார்கள். பானம் தித்திப்பாகும், கசப்பு அப்படியே இருக்கும்.

சாமான் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒரே அண்டாவில் போடுவதால் வரும் வினை இது. பழம், இலை, தோல், சாறு ஆகிய நான்கும் தங்களிடம் உள்ளதை நான்கு விதமாக வெளியே விடுபவை. ஒன்றுக்குச் சூடு வேண்டும், இன்னொன்றுக்குச் சர்க்கரை வேண்டும், மற்றொன்றைச் சூடே தொடக்கூடாது. ஒவ்வொன்றையும் அதனதன் வழியில் தனியாக இறக்கி, பரிமாறுவதற்குச் சற்று முன் சேர்த்தால் கடைசித் தம்ளரும் முதல் தம்ளரைப் போலவே இருக்கும்.

இதைப் புரிந்துகொள்ள நம் ஃபில்டர் காபி போதும். காபிப் பொடியை யாரும் பாலில் போட்டு மணிக்கணக்காகக் கொதிக்கவிடுவதில்லை. மேல் டப்பாவில் பொடியைப் போட்டு, கொதிநீரை ஊற்றி, மூடி, பொறுமையாகக் காத்திருந்து, கெட்டியான டிகாக்ஷனைக் கீழே இறக்கிக்கொள்கிறோம். வேண்டிய மணம் முழுக்கக் கொஞ்சம் திரவத்தில் அடங்கிவிடுகிறது. பாலும் சர்க்கரையும் குடிக்கும் நேரத்தில்தான் சேர்கின்றன. கோடைப் பானத்துக்கும் இப்படி ஒரு டிகாக்ஷன் இறக்கிக்கொள்ள வேண்டும்: புதினாவும் எலுமிச்சைத் தோலும் ஏறிய சர்க்கரைப் பாகு.

தோலிலிருந்து ஆரம்பிக்கிறேன். எலுமிச்சையின் புளிப்பு சாற்றில் இருக்கிறது. அதன் மணம் பெரும்பாலும் தோலில் இருக்கிறது. பழத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தோலில் ஊசி குத்தினாற்போலப் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ப் பைகள். தோலை இரண்டாக மடித்து அழுத்தினால் பீய்ச்சி அடிப்பது அந்த எண்ணெய்தான். அதில் பெரும்பங்கு, மணம் தரும் ‘லிமனீன்’. கசப்பு தரும் ‘லிமோனின்’ வேறு. அது பின்னால் வரும். பெயர்கள் இவ்வளவு நெருங்கியிருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

லிமனீன் எண்ணெய் ஆதலால் தண்ணீரில் கரையாது. தோலைத் தண்ணீரில் ஊறவைத்தால் பெரிதாக ஒன்றும் இறங்காததற்குக் காரணம் இது. சர்க்கரை இந்த வேலையைச் செய்யும். நன்றாகத் தேய்த்துக் கழுவித் துடைத்த ஐந்தாறு பழங்களின் மேல்தோலை மட்டும் நுண்ணிய துருவியில் லேசாகத் துருவுங்கள். தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி போன்ற ஊர்களிலிருந்து வரும் நம் நாட்டு எலுமிச்சைக்குத் தோல் மிக மெல்லியது. துருவி இரண்டு முறை ஓடினாலே வெள்ளைப் பகுதி எட்டிப்பார்க்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். துருவலை 400 கிராம் சர்க்கரையோடு சேர்த்து விரலால் பிசறி ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். சர்க்கரைத் துகள்களின் கூர்முனை எண்ணெய்ப் பைகளைக் கீறும். சர்க்கரை தோலில் உள்ள ஈரத்தைத் தன்பக்கம் இழுக்கும். ஈரத்தோடு எண்ணெயும் வரும். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் சர்க்கரை ஈரமணல் மாதிரி விரலில் ஒட்டும், லேசான மஞ்சள் ஏறியிருக்கும், எலுமிச்சை மணம் முகத்தில் அடிக்கும்.

அதில் 300 மில்லி தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்து, சர்க்கரை கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். ஐந்து நிமிடம் ஆறவிட்டு, ஆய்ந்து கழுவிய ஒரு கட்டுப் புதினாவை அதில் அமுக்கி, தட்டு போட்டு மூடுங்கள். இதுதான் டிகாக்ஷன் இறங்கும் நேரம். புதினாவின் மண எண்ணெய் இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் இருக்கிறது, உள்ளே புதைந்து கிடக்கவில்லை. ஆகவே இலையை அரைக்கவோ இடிக்கவோ தேவையில்லை. சூடான பாகு பட்டாலே சுரப்பிகள் திறந்துகொள்ளும். அரைத்தால் இலையின் செல்கள் உடைந்து, புல் வெட்டிய இடத்தில் வருமே, அந்தப் பச்சை வாடை கிளம்பும். கூடவே துவர்ப்பும் வரும்.

மூடி முக்கியம். கொதிக்கும் பாகில் புதினாவைப் போட்டுத் திறந்து வைத்தால் சமையலறை முழுக்க மணக்கும். அவ்வளவும் தம்ளரிலிருந்து போன மணம். மூடியிருந்தால் ஆவியாகி எழுவது தட்டின் அடியில் துளியாகப் படியும். திறக்கும்போது அந்தத் துளிகளை உதறிவிடாமல் பாகிலேயே வழியவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் இலை ஊற வேண்டாம். வடிகட்டும்போது இலையைக் கரண்டியால் அமுக்கிப் பிழிய வேண்டாம். ஃபில்டரில் சொட்டு நின்றபின் பொடியை அமுக்கினால் கீழே இறங்குவது வெறும் கசப்பு என்பது காபி போடும் எல்லாருக்கும் தெரியும். இங்கேயும் அதே கணக்குத்தான்.

பாகு பளிச்சென்ற பச்சையில் வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள். பச்சை நிறத்தைப் பானத்தில் நிறுத்திவைக்க முடியாது. இலையின் பச்சையமான குளோரோஃபில்லின் நடுவே ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. புளிப்பு பட்டதும் அது கழன்று, அந்த இடத்தில் ஹைட்ரஜன் உட்கார்ந்துகொள்ள, பச்சை போய்க் காக்கி நிறம் வருகிறது. புதினாவும் எலுமிச்சையும் சேர்த்து மிக்ஸியில் அடித்த ஜூஸ் சிறிது நேரத்தில் வெளிறிவிடுவது இதனால்தான். நிறத்துக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. இலையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பரிமாறும்போது தம்ளருக்கு ஒரு புதுத் தளிர் போட்டுக்கொள்ளலாம்.

புதினாவின் குளிர்ச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்குக் காரணமான மென்தால் என்ற பொருள் வாயின் வெப்பநிலையைக் குறைப்பதில்லை. குளிரை உணரும் நரம்பு முனைகளில் உள்ள டிஆர்பிஎம்8 என்ற ஏற்பியைத் தூண்டி, குளிர்கிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்ப வைக்கிறது. இந்த ஏற்பியை மென்தாலைக் கொண்டே கண்டறிந்தவர்கள் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியானும். வெப்பத்தையும் தொடுதலையும் உடல் உணரும் விதம் பற்றிய ஆய்வுகளுக்காக 2021-ல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நம் சந்தையில் கட்டாகக் கிடைக்கும் புதினா பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் வகை. அதன் மணத்துக்குக் காரணம் கார்வோன். மென்தால் அதில் மிகக் குறைவு. எனவே புதினாவிடம் மணத்தை எதிர்பார்ப்போம், குளிரவைக்கும் வேலையை ஐஸ் பார்த்துக்கொள்ளட்டும்.

இனி பழம். தர்பூசணி, அன்னாசி, மாம்பழம் எதுவும் போடலாம். என் தேர்வு கம்பம் பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்ற இந்த ரகம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிறது. 2023-ல் புவிசார் குறியீடும் பெற்றது. விதை இருக்கிறது என்று பலர் ஒதுக்கிவிட்டு விதையில்லாத பச்சைத் திராட்சைக்குப் போகிறார்கள். பானத்துக்கு இதன் பக்கத்தில் வேறு எந்தத் திராட்சையும் வராது. இந்த வாசமும் இந்த நிறமும் அவற்றில் இல்லை.

ஒரு பழத்தைப் பிதுக்கிப் பாருங்கள். உள்ளே உள்ள சதைக்கு நிறமே இல்லை, வெளிர்பச்சையாக வழுக்கும். கருநீலம் அவ்வளவும் தோலில் இருக்கிறது. சும்மா பிழிந்தால் மங்கலான சாறு வருவதும், லேசாகச் சூடாக்கினால் நிறம் வந்துவிடுவதும் அதனால்தான். காம்பு நீக்கிய ஒரு கிலோ பழத்தை 300 மில்லி தண்ணீரோடு சிறுதீயில் வைத்து, தோல் வெடித்ததும் கீரை மத்தால் மெதுவாக மசித்து, எட்டுப் பத்து நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். தளதளவென்று கொதித்தால் பன்னீர் வாசம் போய் ஜாம் வாசம் வந்துவிடும். மிக்ஸி கூடவே கூடாது. விதை உடைந்தால் துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடிக்கும். துணியில் வடிகட்டினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் அடர்ந்த சாறு கிடைக்கும்.

இந்த இடத்தில் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். மூன்று வெள்ளைக் கிண்ணங்களில் ஒவ்வொரு கரண்டி திராட்சைச் சாறு எடுத்துக் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். முதல் கிண்ணத்தை அப்படியே விட்டுவிடுங்கள்: மங்கிய ஊதா. இரண்டாவதில் நாலு சொட்டு எலுமிச்சை: கண்ணெதிரே ரத்தினச் சிவப்பாகும். மூன்றாவதில் ஒரு சிட்டிகை சமையல் சோடா: நீலமும் பச்சையும் கலந்த நிறம். தோலிலிருந்து வந்த ஆந்தோசயனின் என்ற நிறமி, புளிப்புக்கு ஒரு நிறமும் காரத்துக்கு ஒரு நிறமும் காட்டும். காரத் தன்மை கூடிய போர் தண்ணீரில் கலந்த திராட்சை ஜூஸ் சிலநேரம் அழுக்கு நீலமாகத் தெரிவதற்கும் இதே காரணம். எலுமிச்சை சேர்ந்ததும் தெளிந்துவிடும். ஆக, எலுமிச்சை இங்கே புளிப்போடு சேர்த்து நிறத்தையும் தருகிறது.

அந்த எலுமிச்சையைத்தான் கடைசியாகப் பிழிய வேண்டும். டிகாக்ஷனில் பால் சேர்வது குடிக்கும் நேரத்தில் என்பதுபோல, சாறு சேர்வது விருந்தாளி வாசலுக்கு வரும் நேரத்தில். சாத்துக்குடியைப் பிழிந்து கொஞ்ச நேரம் வைத்துக் குடித்தவர்களுக்கு அந்தக் கசப்பு தெரிந்திருக்கும். பழத்துக்குள் இருக்கும்போது கசக்காத ஒரு பொருள், பிழிந்தபின் சாற்றின் புளிப்பு பட்டு மெல்ல மெல்ல லிமோனினாக மாறுகிறது. வெள்ளைத் தோலிலும் விதையிலும் இது அதிகம். அதனால் எலுமிச்சையைக் குறுக்கே வெட்டி, விதையை முதலிலேயே தட்டிவிட்டு, சாறு வரும்வரை மட்டும் பிழியுங்கள். கடைசிச் சொட்டுக்காகத் தோலை நசுக்க வேண்டாம். ஒரு பழத்துக்கு ஒரு மேசைக்கரண்டி சாறு என்று வைத்தால், 250 மில்லிக்குப் பதினேழு பதினெட்டுப் பழம் வேண்டும். மேல்தோல் துருவிய பழங்களையும் இதற்கே பயன்படுத்திக்கொள்ளலாம்.

அண்டாவைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். விசேஷம் என்றதும் பரணிலிருந்து பித்தளை அண்டாவை இறக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் எலுமிச்சைச் சாற்றை வைத்தால் செம்பு கரைந்து பானத்தில் இறங்கும். குமட்டலும் வாந்தியும் வரும். அலுமினியமும் வேண்டாம். எவர்சில்வர், கண்ணாடி, மண்பானை, இவை போதும்.

கலக்கும் கணக்கு எளிது. பாகு முழுவதும், திராட்சைச் சாறு முழுவதும், பானைத் தண்ணீர் இரண்டரை லிட்டர், எலுமிச்சைச் சாறு 250 மில்லி, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கரிப்பதற்காக அல்ல. அந்தச் சிறு அளவு உப்பு நாக்கில் கசப்பை அடக்கிவிடும், இனிப்பு எடுப்பாகத் தெரியும். இப்போது ருசி பார்த்தால் தித்திப்பும் புளிப்பும் ஒரு பங்கு தூக்கலாக இருக்க வேண்டும். குளிர்ந்தால் இனிப்பு நாக்குக்குக் குறைவாகத் தெரியும், ஐஸ் உருகினால் தண்ணீரும் கூடும்.

ஐஸ் ஒரு கிலோ. ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு 80 கலோரி வெப்பம் வேண்டும். அதைப் பானத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு கிலோ ஐஸ் முழுதும் உருகினால் நான்கு லிட்டர் பானத்தில் சுமார் 20 டிகிரி குறையும். 30 டிகிரியில் இருந்த பானம் பத்து டிகிரிக்கு வந்துவிடும். அதற்குக் கீழே போனால் புதினா மணம் மூக்குக்கு எட்டாது. காய்ச்சி ஆறிய தண்ணீரை டிபன் டப்பாவில் ஊற்றி முந்தின நாளே ஃபிரீசரில் வைத்துப் பெரிய கட்டியாக எடுங்கள். சிறு கட்டிகளைவிடப் பெரிய கட்டி மெதுவாக உருகும். எல்லாம் சேர்ந்தால் ஐந்து லிட்டருக்குச் சற்று மேல்; தம்ளருக்கு 200 மில்லி வீதம் இருபத்தைந்து பேருக்குச் சரியாக வரும். பதினைந்து நிமிடம் ஊறிய சப்ஜா விதையை மேலே ஒரு கரண்டி போட்டால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்.

இந்த முறை புதிதாக வந்த ஒன்றல்ல. ராமநவமிக்கும், மதுரைச் சித்திரைத் திருவிழாவின் தண்ணீர்ப்பந்தல்களிலும் வழங்கும் பானகத்தைப் பாருங்கள். வெல்லத்தை முதலில் கரைத்து வடிகட்டிக்கொள்வார்கள், சுக்கும் ஏலக்காயும் காய்ந்த சரக்கு ஆதலால் பொடித்துப் போடுவார்கள், எலுமிச்சை பிற்பாடு, துளசி கடைசியில் மிதக்கும். புதினாவுக்குப் பதில் துளசியை நீங்களும் பாகில் ஊறவைக்கலாம். ஆனால் அதிலுள்ள யூஜெனால் கிராம்பின் மணப்பொருள், வேகம் அதிகம். புதினாவில் பாதி அளவு போதும், நேரமும் பாதி.

கலந்த பானம் மிஞ்சினால் அன்றைக்கே குடித்து முடித்துவிடுங்கள். கலக்காத பாகு ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும், திராட்சைச் சாறு இரண்டு மூன்று நாள். அடுத்த விருந்தாளி வரும்போது இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். எலுமிச்சையை மட்டும் அப்போது புதிதாகப் பிழியுங்கள்.