மூடுவதும் ஒரு வேலைதான்

தம்பானூர் முன்பதிவுக் கவுண்டரில் நாம் நீட்டும் படிவத்துக்குப் பெர்த் எண்ணைத் தருவது எதிரேயுள்ள கணிப்பொறி அல்ல, தொலைவிலுள்ள மையக் கணிப்பொறி. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்கள் 1999-இல் இணைக்கப்பட்டன. அதன்பின் எந்த ஊரிலிருந்தும் எந்த வண்டிக்கும் டிக்கெட் எடுக்க முடிந்தது. இத்தகைய அமைப்பைப் பராமரிப்புக்காக நிறுத்துவது, வீட்டு விளக்கை அணைப்பது போன்றதல்ல.

2021 நவம்பரில் இதற்கு நல்ல உதாரணம் கிடைத்தது. கொரோனா காலத்தில் சிறப்பு எண்களில் ஓடிய வண்டிகளைப் பழைய எண்களுக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஏற்கெனவே பதிவு செய்தவர்களின் விவரங்களும் பிசகாமல் மாற வேண்டும். ரயில்வே 14-ஆம் தேதி இரவு தொடங்கி ஏழு இரவுகள், 11.30 முதல் காலை 5.30 வரை முன்பதிவை மூடியது. கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, முன்கூட்டியே அறிவித்து, வேலையைப் பகுதி பகுதியாகச் செய்தார்கள். அந்நேரத்தில் புறப்படும் வண்டிகளின் சார்ட்டை முன்னதாகவே தயாரிக்க ஏற்பாடு செய்தார்கள். 139 விசாரணைச் சேவை நிற்கவில்லை.

மூடுவதில் வரிசை முக்கியம். முதலில் புதிய கோரிக்கைகளுக்குக் கதவடைக்க வேண்டும். உள்ளே வந்துவிட்டவை முடியும்வரை காத்திருக்க வேண்டும். முடியாதவற்றை முழுமையாக ரத்து செய்ய வேண்டும். இல்லையேல் பணம் போயிருக்கும், பெர்த் கிடைத்திருக்காது. அடுத்து, விவரங்களுக்குப் பிரதி எடுத்து, அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே இயந்திரத்தில் கை வைக்கலாம். திறக்கும்போதும் சோதித்துப் பார்த்த பின்னரே பொதுமக்களை அனுமதிக்க வேண்டும்.

இருப்புப்பாதையில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள் என்பதற்காக யாரும் உடனே மேல்நிலைக் கம்பியைத் தொடுவதில்லை. எழுத்துமூலம் பெர்மிட் பெற்று, இருபுறமும் எர்த் செய்த பிறகே ஏணி ஏறுவார்கள். ஆட்களும் கருவிகளும் அகன்றதைச் சரிபார்த்து, பெர்மிட் பெற்றவரே அதைத் திருப்பித் தருவார். அதுவரை மின்சாரம் வராது.

இந்த ஒழுங்கு குலைந்தால் என்ன ஆகும் என்பதை 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹாநகா பஜார் நிலையத்தில் கண்டோம். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் மோதிய அவ்விபத்தில் 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிக்னல் மின்சுற்றில் முன்பு செய்த மாற்றத்திலும், லெவல் கிராசிங் தடுப்பை மாற்றும் வேலையிலும் ஏற்பட்ட குறைகளே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

டிக்கெட் கணிப்பொறியில் பிழை வந்தால் உயிர் போகாது என்பது உண்மைதான். ஆனால் மருத்துவமனைகளும் மின்வாரியமும் இன்று கணிப்பொறியை நம்பித்தான் நடக்கின்றன. 'பராமரிப்புக்காகச் சேவை இல்லை' என்ற பலகையைக் கண்டால் நாம் சலித்துக்கொள்கிறோம். சொல்லி மூடுபவர்களைக் குறை சொல்ல வேண்டாம். எப்போது திறப்பீர்கள், அதுவரை அவசரத்துக்கு என்ன வழி என்று மட்டும் கேட்போம். அவ்விரண்டுக்கும் பதில் வைத்திருப்பவர்கள் வேலை தெரிந்தவர்கள்.