பானை மாறலாம், அடையாளம் மாறக்கூடாது

மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருக்கிறது 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். வாயில் துணி கட்டிய மண்பானைகள் வரிசையாக இருக்கும்; உள்ளே பாம்புகள். சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்தபின் மறுபடி காட்டிலேயே விட்டுவிடுவார்கள். வயிற்றுச் செதிலில் சின்னதாக ஒரு வெட்டு மட்டும் அடையாளமாக இருக்கும். அதே பாம்பு மீண்டும் சிக்கினால் அந்த வெட்டே சொல்லிவிடும். பானை எதுவாக இருந்தால் என்ன, அடையாளம் பாம்போடு போகிறது.

இணையத்தில் உயிரியல் தரவுகளுக்கு வேண்டியதும் இதேதான். இணைய முகவரி என்பது பானை. நிறுவனம் பெயர் மாறும், தளம் இடம் மாறும், இணைப்பு செத்துப்போகும். ஆனால் தரவுக்குக் கொடுத்த அடையாள எண் சாகக்கூடாது.

அமெரிக்காவின் தேசிய உயிரித்தொழில்நுட்பத் தகவல் மையம் (என்சிபிஐ) நடத்தும் வகைப்பாட்டுத் தரவுத்தளத்தில் நல்ல பாம்புக்கு 35670, கண்ணாடி விரியனுக்கு 8707. அர்த்தமில்லாத வெறும் எண்கள்தான். அதுவே அவற்றின் பலம். கண்ணாடி விரியனை 'வைபெரா' என்ற பேரினத்தில் வைத்திருந்தார்கள், பிறகு 'டபோயா' ஆக்கினார்கள். மியன்மார், தாய்லாந்துப் பக்கத்து விரியனைத் தனி இனமாகப் பிரித்தார்கள். பெயரையே அடையாளமாக வைத்திருந்தால் பழைய ஆய்வுகளெல்லாம் குழம்பியிருக்கும்.

ஆனால் 35670 என்று மட்டும் எழுதினால் போதாது. மருத்துவக் கட்டுரைகளைப் பட்டியலிடும் பப்மெட்டும் வெறும் எண்தான் தருகிறது; அதே எண் அங்கே ஒரு கட்டுரையைக் குறிக்கலாம். அதனால் 'டாக்ஸானமி:35670' என்று முன்னொட்டோடு எழுத வேண்டும். அப்படி எழுதினால், 'ஐடென்டிஃபையர்ஸ் டாட் ஆர்க்' போன்ற வழிகாட்டித் தளங்கள் அந்த எண்ணுக்குரிய பக்கம் இன்று எங்கே இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் விடும். இன்னொன்று: ஒருமுறை கொடுத்த எண்ணை வேறொன்றுக்குத் தரவே கூடாது. இரண்டு பதிவுகளை ஒன்றாக்கினால், பழைய எண்ணைத் தேடி வருபவருக்குப் புதியதைக் காட்ட வேண்டும்.

இது வெறும் கணக்குப்பிள்ளை வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரே இனப் பாம்பின் விஷம் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. வடநெம்மேலியில் எடுத்த விஷத்தைக் கொண்டு செய்த விஷமுறிவு மருந்து, தொலைவிலுள்ள மாநிலத்தில் கடிபட்டவருக்கு அதே அளவு வேலை செய்யாமல் போகலாம். ஆகவே இனத்தின் எண்ணோடு நிறுத்தக்கூடாது. ஒவ்வொரு விஷ மாதிரிக்கும் தனி எண் வேண்டும். எந்த ஊர்ப் பாம்பு, எந்தத் தேதியில் எடுத்தது என்ற விவரம் அந்த எண்ணோடு இருக்க வேண்டும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் அடுத்த அட்டவணையில் 'நல்ல பாம்பு விஷம், மாதிரி 3' என்று எழுதி முடித்துவிடாதீர்கள். முன்னொட்டோடு முழு எண்ணையும் எழுதுங்கள்.