பெயர் எழுதப்படாத முகங்கள்



குருமடத்தில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் அயர்லாந்து நாட்டில் சில ஆண்டுகள் பணியாற்றினார். விடுமுறைக்கு வந்திருந்தபோது நூறாண்டுக்கு முந்தைய ஓர் அஞ்சலட்டையின் நகலை எனக்குக் கொடுத்தார். கூரை வேய்ந்த வீடுகள் நெருக்கமாக நிற்கின்றன. வாசலில் முக்காடிட்ட பெண்கள், செருப்பில்லாத பிள்ளைகள். கீழே ஊர்ப்பெயர் மட்டும் அச்சாகியிருக்கிறது: கிளாடா, கால்வே. கல் சுவர்களை மறைத்துவிட்டுப் பார்த்தால் நம் பழைய கடற்கரைத் தெரு என்றே சொல்லிவிடலாம்.

கிளாடா என்ற சொல்லுக்கு ஐரிஷ் மொழியில் கல் நிறைந்த கடற்கரை என்று பொருள். கால்வே நகரின் மதிலுக்கு வெளியே, கோரிப் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருந்த மீனவர் ஊர் அது. நகரத்தில் ஆங்கிலம் பரவிய பிறகும் இவர்கள் ஐரிஷ் மொழியிலேயே பேசினார்கள், செபித்தார்கள். தங்களுக்கென ஒரு தலைவரை வைத்திருந்தார்கள். அவரை 'அரசர்' என்றே அழைத்தார்கள். மற்ற படகுகளின் பாய் பழுப்பு நிறம், அவருடையது மட்டும் வெள்ளை. ஆண்கள் ஹெர்ரிங் மீனைப் பிடித்து வர, ஸ்பானிஷ் வளைவு என்னும் பழைய மதில் வாயிலருகே சந்தையில் அதை விற்றுக் காசாக்கியவர்கள் பெண்கள். இழுவலைப் படகுகள் விரிகுடாவுக்குள் வந்தபோது இவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இந்தக் கதை நமக்குப் புதிதல்ல.

புனித சாமிநாதர் சபைக் குருக்கள் 1488 முதல் இம்மக்களோடு இருக்கிறார்கள். 1846இல் மீனவப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி தொடங்கினார்கள். அங்கே எழுத்தும் கற்பித்தார்கள், வலை பின்னவும் கற்பித்தார்கள். இப்போதுள்ள ஆலயம் 1891இல் திறக்கப்பட்டது. ஆகஸ்ட் நடுவில் குருவானவர் படகில் சென்று கடலை மந்திரிக்கும் வழக்கமும் அங்கு உண்டு.

இனி படங்களுக்கு வருவோம். 1902க்குப் பிறகு அஞ்சலட்டையின் ஒரு பக்கம் முழுவதும் படம் அச்சிட்டு, மறுபக்கத்தில் செய்தியையும் முகவரியையும் சேர்த்து எழுத அனுமதி கிடைத்தது. அதன்பின் சுற்றுலா வந்தவர்கள் அட்டைகளை வாங்கிக் குவித்தார்கள். டப்ளினில் இருந்த லாரன்ஸ் நிறுவனத்துக்காக ராபர்ட் ஃபிரெஞ்ச் என்பவர் ஊர் ஊராகச் சென்று படமெடுத்தார். அந்நிறுவனத்தின் ஏறத்தாழ 40,000 கண்ணாடித் தட்டுகள் இன்று அயர்லாந்து தேசிய நூலகத்தில் உள்ளன. கறுப்பு வெள்ளைப் படங்களுக்குப் பின்னர் வண்ணம் தீட்டியே பல அட்டைகளை விற்றார்கள். தீட்டியவர் அந்த ஊரையே பார்த்திராதவராகவும் இருக்கலாம். வாங்கியவர்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது அழகான ஏழ்மை.

1913இல் வேறு இருவர் வந்தனர். பிரான்சைச் சேர்ந்த மார்கரித் மெஸ்புலே, மதலேன் மிஞோன் என்ற இரு பெண்கள். மாறிவரும் உலகில் மக்களின் வாழ்வு மறையும் முன் படமெடுத்துச் சேமிக்க வேண்டும் என்று 1909 முதல் பணத்தைச் செலவிட்டவர் ஆல்பெர்ட் கான் என்ற வங்கியாளர். அவருக்காக இவர்கள் அயர்லாந்துக்கு வந்தார்கள். கொண்டு வந்தது ஆட்டோகுரோம் என்ற வண்ணத் தட்டு. உருளைக்கிழங்கு மாவின் நுண்ணிய துகள்களுக்கு மூன்று சாயங்கள் ஏற்றி, கண்ணாடி மேல் பரப்பி அதைச் செய்தார்கள். இதை வாசித்தபோது எனக்கு மனம் கனத்தது. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பசி தாங்காமல் வலைகளையே அடகு வைத்தவர்கள் கிளாடா மீனவர்கள். குவேக்கர் சபையினர் கடன் கொடுத்துத்தான் அவற்றை மீட்டார்கள். அந்த மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு வண்ணம் கொடுத்ததும் உருளைக்கிழங்கே.

அந்தத் தட்டுகளில் ஒன்றில் சிவப்பு உடையணிந்த ஒரு சிறுமி நிற்கிறாள். மெஸ்புலே அவளுடைய பெயரையும், வயது 14 என்பதையும் எழுதி வைத்தார். அஞ்சலட்டையில் 'மீனவப் பெண்' என்று போட்டிருப்பார்கள். இங்கே அவள் இன்னாரென்று தெரிகிறது. ஒரு வரி எழுதியதுதான் வேறுபாடு.

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஆண்டவர் கடலோரம் நடந்து போகையில் யாரை அழைத்தார் என்பதை மாற்கு பெயர் பெயராகச் சொல்கிறார். செபதேயுவின் பெயரைக்கூட விடவில்லை. ஆனால் அதே படகில் இருந்த கூலியாட்களின் பெயர் நமக்குத் தெரியாது. பல ஆண்டுகள் இதைக் கவனிக்காமலே இப்பகுதிக்கு மறையுரை ஆற்றியிருக்கிறேன். ஆண்டவர் அவர்களையும் அறிந்திருந்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. குறித்து வைக்கத்தான் ஆளில்லை.

கிளாடாவின் கூரை வீடுகளை 1930களில் இடித்துவிட்டார்கள். ஈரம் கசியும் வீடுகள், காசநோய் மலிந்த காலம். புதிய வீடுகள் தேவைதான். அழகு போய்விட்டதே என்று வருந்தியவர்களில் பலர் அந்த மண்தரையில் ஒரு நாளும் படுத்ததில்லை. ஆனால் வீடுகளோடு அண்டை அயலும் கலைந்தது. இன்று இரு கைகள் இதயத்தை ஏந்தும் கிளாடா மோதிரம் உலகெங்கும் விற்பனையாகிறது. அஞ்சலட்டைகளும் சேகரிப்போரிடம் உள்ளன. வாசலில் நின்ற அந்தப் பெண்களில் எத்தனை பேருக்குப் பெயர் இருக்கிறது?

இதை எண்ணிக்கொண்டே எங்கள் பங்கு இல்லத்து அலமாரியைத் திறந்தேன். தேர்த் திருவிழாப் படம் ஒன்று, ஓரம் செல்லரித்துக் கிடந்தது. கட்டுமரத்தருகே பதினொரு பேர். பின்பக்கத்தில் படக்கடையின் முத்திரை மட்டும். அன்பியக் கூட்டத்துக்கு வந்த ஒரு பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இது எங்க சித்தப்பா, சாமி. கடல்லயே போயிட்டாரு" என்றார். அவர் உடல் கரைக்கு வரவில்லையாம், கல்லறையும் இல்லை. வேறு படமும் இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படிப் படங்கள் இருக்கும். மென்மையான பென்சிலால் பின்பக்கத்தில் பெயரை எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். கைபேசியில் உள்ள படங்களுக்கும் இதே கதிதான். ஆயிரம் படம், பெயர் ஒன்றிலும் இல்லை. பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களைக் கேளுங்கள்.

அந்தப் பாட்டி அன்று மூன்று பேரை அடையாளம் சொன்னார். ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து, தன் அக்காவையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் எட்டுப் பேர் மீதி.