வெந்நீர் யாருக்கு?

உங்கள் வீட்டில் வெந்நீர் யாருக்கு? கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

எங்கள் வத்திராயிருப்பில் இதற்கு ஒரு ஜாபிதாவே உண்டு. ஜுரத்தில் கிடந்து எழுந்தவருக்கு வெந்நீர். பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர். பச்சைக் குழந்தைக்கு வெந்நீர். எண்ணெய் தேய்த்துக்கொண்டவருக்கு வெந்நீர். எல்லாருக்கும் மேலாக, தலை தீபாவளிக்கு வந்திருக்கும் மாப்பிள்ளைக்கு வெந்நீர். மற்றவர்களுக்கெல்லாம் பச்சைத் தண்ணீர்தான். மேற்கே நிற்கும் மலை எங்களுக்குக் கொடுத்திருப்பதும் அதுதான். சதுரகிரி ஏறப் போகிறவர்கள் தாணிப்பாறை ஓடையில் ஒரு முழுக்குப் போடுவார்கள். சாரல் பிடித்துவிட்டால் குற்றாலத்துக்கு ஓடுவார்கள். குளியல் என்றால் உடம்பு சில்லிட வேண்டும் என்பது எங்கள் சித்தாந்தம்.

அப்படிப்பட்ட ஊர்க்காரனான நான், வெந்நீரில் குளிப்பதற்கென்றே ஜப்பானில் ஒரு விடுதியில் தங்கிவிட்டு வந்தேன். ஆளுக்கு, ஒரு ராத்திரிக்கு, இரண்டு வேளைச் சாப்பாடு உள்பட ஐம்பதாயிரம் யென். நம் பணத்தில் கால் லட்சத்துக்கு மேல்! தோக்கியோவில் வேலை பார்க்கும் பிள்ளையின் உபயம். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

பூமாதேவியின் அடுப்பு

ஜப்பானில் உயிரோடிருக்கும் எரிமலைகள் மட்டும் நூற்றுக்கு மேல். மழைத் தண்ணீர் பாறை இடுக்குகளில் இறங்கி, பூமிக்குள் கனன்றுகொண்டிருக்கும் சூட்டில் காய்ந்து, கந்தகம், உப்பு, இரும்பு என்று வழியில் அகப்பட்டதையெல்லாம் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. ஏறத்தாழ 27,000 ஊற்றுக் கண்கள் இருக்கின்றன. இதற்கு ‘ஓன்சென்’ என்று பெயர். எது ஓன்சென், எது வெறும் தண்ணீர் என்பதற்கு 1948-ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. ஊற்றிலிருந்து வரும்போது 25 டிகிரிச் சூடாவது இருக்கவேண்டும். இல்லாவிட்டால், சட்டம் சொல்லும் தாதுப் பொருள்களில் ஒன்றாவது போதிய அளவு கலந்திருக்க வேண்டும். சூட்டை மட்டும் பார்த்தால், சித்திரை மாசத்தில் எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர்கூட இந்தப் பரீட்சையில் பாஸாகிவிடும்!

வெந்நீர் ஊற்று தமிழர்களுக்குப் புதிதல்ல. இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியா என்ற இடத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. தாயாரின் அந்திமக் கிரியைகளைச் செய்ய இராவணன் உண்டாக்கியவை என்பது ஐதிகம். பத்ரிநாத்துக்குப் போகிறவர்களும் தப்த குண்டத்தில் குளித்துவிட்டுத்தான் தரிசனத்துக்குப் போகிறார்கள். ஆனால் நாம் ஊற்றைத் தீர்த்தமாக்கினோம். ஜப்பானியர் அதைச் சுற்றி ஓர் உபசாரக் கலையையே வளர்த்துவிட்டார்கள். அந்த உபசாரம் நடக்கும் விடுதிக்கு ‘ரியோகான்’ என்று பெயர். யமநாஷி மாகாணத்தில் உள்ள கெய்யுன்கான் என்ற விடுதி கி.பி. 705-இல் தொடங்கியது. உலகத்திலேயே மிகப் பழமையான விடுதி என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் எழுந்த காலத்தை ஒட்டி அங்கே விருந்தாளிகளுக்குக் குளிக்க வெந்நீர் தயார்!

வாசலில் தொடங்கும் உபசாரம்

நாங்கள் போனது ஹகோனே மலைக்கு. தோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேர ரயில் பிரயாணம். பிற்பகல் மூன்று மணிக்கு விடுதி வாசலில் இறங்கினோம். வீட்டு அம்மாள் மாதிரி விடுதியை நிர்வகிக்கும் பெண்மணிக்கு ‘ஓகாமி’ என்று பெயர். அவர் கிமோனோ உடுத்து, குனிந்து வணங்கி வரவேற்றார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். இது நமக்குச் சொல்லித் தெரியவேண்டிய விஷயமா? திரும்பிப் பார்த்தால், கழற்றிய செருப்புகள் வெளியே போகும் திசையில் திருப்பி வைக்கப்பட்டிருக்கின்றன. மறுநாள் நாம் புறப்படும்போது திரும்பி நின்று மாட்டிக்கொள்ள வேண்டாம் அல்லவா? அதற்காக!

அறையைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றம். கால் லட்சத்துக்குக் கட்டிலாவது போட்டிருக்கக் கூடாதா? கோரைப் பாய் பதித்த தரை, குட்டையாக ஒரு மேஜை, உட்காரத் திண்டு. சுவரில் ஒரு மாடம். அதில் ஒரு சித்திரம், ஒரே ஒரு மலர்க்கொத்து. அவ்வளவுதான். பிறகுதான் புரிந்தது. இங்கே சொகுசு சாமான்களில் இல்லை. நாம் கேட்பதற்கு முன்பே ஒருவர் நமக்காக நினைத்து வைத்திருக்கிறாரே, அதில் இருக்கிறது. உட்கார்ந்ததும் தேநீரும் தின்பண்டமும் வந்தன. உடுத்திக்கொள்ள ‘யுகாதா’ என்ற பருத்தி அங்கி கொடுத்தார்கள். அதை இடப்பக்கம் மேலே வரும்படி மடித்துக் கட்டவேண்டும். மாற்றிக் கட்டினால் ஆபத்து. இறந்தவர்களுக்குத்தான் அப்படிக் கட்டுவார்களாம்!

ஒரு கிழவர் சொன்ன பாடம்

குளிக்குமிடம் ஆண்களுக்கு வேறு, பெண்களுக்கு வேறு. அங்கே ஒட்டுத் துணி கூடாது, கோவணத்துக்குக்கூட அனுமதியில்லை! கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு துண்டு தருவார்கள். அதையும் தண்ணீரில் நனைக்காமல் தலையில் மடித்து வைத்துக்கொள்ள வேண்டும். நாணத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஆவி பறக்கும் தொட்டியில் காலை வைக்கப் போனேன். பக்கத்திலிருந்த கிழவர் ஒருவர் மெள்ள என் கையைத் தொட்டு, சுவரோரத்தைக் காட்டினார். அங்கே வரிசையாகச் சிறு முக்காலிகள், வாளிகள், சோப்பு. அதில் உட்கார்ந்து, அழுக்குப் போகத் தேய்த்து, நுரை ஒரு துளிகூட இல்லாமல் கழுவிக்கொண்ட பிறகுதான் தொட்டியில் இறங்க வேண்டும். அழுக்கைப் போக்கிக்கொள்ள நாம் குளிக்கிறோம். அவர்களோ அழுக்கைப் போக்கிக்கொண்டு குளிக்கிறார்கள்! எனக்குப் பின்னால் வருகிறவருக்கும் அதே தண்ணீர்தானே? குற்றாலத்திலும் எங்கள் ஓடையிலும் பாறை இடுக்குகளில் கிடக்கும் ஷாம்பூ பாக்கெட்டுகள் ஞாபகத்துக்கு வந்தன. வெந்நீரில் இறங்குவதற்கு முன்பே எனக்கு முகம் சிவந்துவிட்டது.

தண்ணீர் 41, 42 டிகிரி இருக்கும். முதலில் சுரீர் என்கிறது; பிறகு எலும்பெல்லாம் இளகுகிறது. குசாத்சு என்ற ஊரில் ஊற்றின் சூடு 50 டிகிரியைத் தாண்டும். பச்சைத் தண்ணீர் விளாவினால் ஊற்று நீரின் சத்துக் குறைந்துவிடும் என்று, நீளமான பலகைகளால் துழாவித் துழாவி, பாட்டுப் பாடிக்கொண்டே சூட்டை ஆற்றுவார்கள். நம் வீட்டில் குழந்தைக்குப் பாலை ஆற்றுவதுபோல!

சும்மா இருக்கத் தெரியாதவள்

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

என் மனைவி பொதுக் குளியலறைக்கு வர மறுத்துவிட்டாள். பிள்ளை அவளுக்காக ஒரு மணி நேரம் தனித் தொட்டி ஏற்பாடு செய்திருந்தான். திரும்பி வந்தவள் வெகு நேரம் பேசவில்லை. “இத்தனை நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததே இல்லைங்க” என்று மட்டும் சொன்னாள்.

இராத்திரி சாப்பாடு சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. பணிப்பெண் மண்டியிட்டுப் பரிமாறினாள். ஒவ்வொரு தடவையும் என் மனைவி கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு எழுந்திருப்பாள். அந்தப் பெண் பதறிப்போய் வாங்கிக்கொள்வாள். சாப்பாடு முடிந்தபோது மெத்தையும் விரித்தாகிவிட்டது. “நான் என்னதான் செய்யறது?” என்று கேட்டாள் என் மனைவி. நாற்பது வருஷமாக வீட்டில் எல்லாருக்கும் வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, அடியில் மிஞ்சிய வெதுவெதுப்பில் தான் குளித்தவள் அல்லவா?

ஜப்பானிய வீடுகளிலும் பழைய வழக்கம் இதுவேதான். ஒரே தொட்டித் தண்ணீரில் வீட்டுத் தலைவர் முதலில், மற்றவர்கள் அடுத்து, வீட்டுக்காரி கடைசியில். என் மனைவிக்கு ஒரு சந்தேகம். “இந்தப் பெண் எப்போது குளிப்பாள்? கேளுடா” என்றாள் பிள்ளையிடம். அவன் கேட்டான். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நீங்கள் எல்லாரும் தூங்கிய பிறகு, கடைசியாக” என்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை

நீங்கள் மரக்கறிக்காரரானால் அறை கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். கறிகாய்க் குழம்பிலும் மீன் சாறு கலப்பது அங்கே சகஜம். கையில் பச்சை குத்தியிருந்தால் பல குளியலறைகளில் விடமாட்டார்கள், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ரத்தக் கொதிப்பும் இருதயக் கோளாறும் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு இறங்குவது நல்லது. குடித்துவிட்டோ, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டோ யாரும் இறங்கக் கூடாது. இவ்வளவு செலவு கட்டாது என்றால், தங்காமல் குளித்துவிட்டு மட்டும் வரலாம். மட்சுயாமாவில் 1894-இல் கட்டிய தோகோ குளியல் மாளிகை போன்ற இடங்களில் சில நூறு யென்னே போதும்.

ஊருக்குத் திரும்பிய முதல் சனிக்கிழமை, விடிவதற்கு முன்பே எழுந்து கொல்லைப்புறம் போனேன். தென்னமட்டையைச் செருகி அடுப்பை மூட்டினேன். புகை கண்ணைக் கரித்தது. இரண்டு தரம் அணைந்தும் போயிற்று. ஒருவழியாகத் தவலையில் தண்ணீர் கொதித்ததும், “முதல் வெந்நீர் இன்றைக்கு உனக்கு” என்றேன்.

“ஏன், எனக்கென்ன ஜுரமா?” என்று கேட்டாள்.

கேட்டுவிட்டு, மாற்றுப் புடைவையை எடுத்துக்கொண்டு சிரித்தபடியே குளிக்கப் போனாள். இதற்குக் கடல் கடந்து போயிருக்க வேண்டியதில்லை. ஆனால் போய்விட்டு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாமே!