‘அது இங்க இல்லம்மா’ என்றால் யாரிடம் கோபப்படுவது?

அடுத்த விரிவுரை தொடங்க முப்பது நிமிடம்தான் இருந்தது. பல்கலைக்கழகத்துக்கு அருகில் உள்ள காப்பிக் கடையில், எனக்கு முன்னால் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவழியாக என் முறை வந்தது. ஒரு மீ கோரெங், ஒரு தே தாரிக். ஆறு வெள்ளி ஐம்பது காசு. தட்டு கைக்கு வந்ததும் வழக்கம்போல் கைப்பேசியை நீட்டினேன்.

“அது இங்க இல்லம்மா. பேநவ், இல்லாட்டி ரொக்கம்.”

கைப்பேசியை மாற்றி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வங்கி அட்டையை அதில் சேர்த்துவிட்டேன். வங்கிச் செயலியை இன்னும் அமைக்கவில்லை. பணப்பையைத் தூக்கிக்கொண்டு போகும் பழக்கம் எப்போதோ போய்விட்டது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். எனக்கு முகமெல்லாம் சுட்டது. கடைசியில் தோழி வந்து காசைக் கொடுத்தாள்.

பசி அடங்கியது, கோபம் அடங்கவில்லை. அன்று மாலை ரயிலில் போகும்போதே இணையத்தில் அந்தக் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்தேன். ‘இந்தக் காலத்திலும் கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்த முடியாது. வாடிக்கையாளரை மதிக்காத கடை’ என்று எழுதினேன். மீ கோரெங் எப்படி இருந்தது என்று ஒரு சொல்கூட எழுதவில்லை. உண்மையில், அது நன்றாகவே இருந்தது.

இது எனக்கு மட்டும் நேர்வதில்லை. நண்பர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒருவன் எதுவும் பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவானாம். இன்னொருவன் கடைக்காரரிடம் வாதாடுவானாம். ஒரு தோழி கைப்பேசி உறைக்குள் பத்து வெள்ளி நோட்டு ஒன்றை மடித்தே வைத்திருக்கிறாள். எல்லாருக்கும் பொதுவான ஒன்று, எரிச்சல். நம்மிடம் பணம் இருக்கிறது, கொடுக்கவும் தயாராக இருக்கிறோம், ஆனாலும் வாங்க மறுக்கிறார்களே என்ற எரிச்சல்.

பதினைந்து காசின் கணக்கு

அடுத்த வாரம் அதே கடைக்குப் போனேன், இம்முறை ரொக்கத்தோடு. கூட்டம் இல்லை. “ஏண்ணே, அட்டைக் கருவி ஒண்ணு வச்சா என்ன?” என்று கேட்டேன்.

“விசாரிக்காம இருப்பேனா? நூறு வெள்ளிக்கு மூணு வெள்ளி கிட்ட பிடிப்பாங்களாம். மெசினுக்கு வாடகை வேற தனியா. இந்தத் தட்டுல எனக்கு என்ன நிக்குதுன்னு நினைக்கிற?”

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து வெள்ளி மீ கோரெங்கில் மூன்று விழுக்காடு என்றால் பதினைந்து காசு. பதினைந்து காசில் என்ன வந்துவிடும் என்று தோன்றலாம். ஆனால், வாடகை, எரிவாயு, கோழி, முட்டை, உதவியாளர் சம்பளம் எல்லாம் போக ஒரு தட்டில் அவருக்கு ஐம்பது காசு மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பதினைந்து காசு என்பது லாபத்தில் முப்பது விழுக்காடு! நாளுக்கு நூறு தட்டு, மாதத்துக்கு இருபத்தாறு நாள் என்றால் 390 வெள்ளி.

இந்தக் காசு எங்கே போகிறது? நாம் அட்டை வழியாகச் செலுத்தும் ஒவ்வொரு முறையும், கடையின் வங்கி, அட்டை நிறுவனம், நமக்கு அட்டை கொடுத்த வங்கி ஆகிய மூன்றும் அதில் பங்கு எடுத்துக்கொள்கின்றன. அட்டையைக் கைப்பேசிக்குள் வைத்துவிட்டதால் இந்தக் கட்டணம் மறைந்துவிடுவதில்லை. நமக்குக் கிடைக்கும் பரிசுப் புள்ளிகளுக்கும் திரும்பி வரும் பணத்துக்கும் ஒரு பகுதி இந்தக் கட்டணத்திலிருந்தே வருகிறது. அதாவது, நான் சேர்த்து மகிழும் புள்ளிகளில் கொஞ்சம் அந்த அண்ணனின் அடுப்படியிலிருந்து வந்தது.

அன்று பேச்சோடு பேச்சாக அவர் இன்னொன்றும் சொன்னார். “போன வாரம் யாரோ ஒரு புள்ள ஒத்த நட்சத்திரம் போட்டு எழுதியிருக்குன்னு எம் மக காட்டுனா. மதிக்க மாட்டேங்கறோமாம்.” அதற்குமேல் எதுவும் சொல்லாமல் தே தாரிக்கை ஆற்றத் தொடங்கினார். தலைநிமிர்ந்து அவரைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஒரே குறியீடு, ஆனால்...

‘கடையில்தான் கியூஆர் குறியீடு ஒட்டியிருக்கிறதே, பிறகு ஏன் என் செயலியை ஏற்கவில்லை?’ என்பது அடிக்கடி கேட்கும் கேள்வி.

சிங்கப்பூரில் பேநவ் 2017 ஜூலையில் தொடங்கியது. அந்தக் காலகட்டத்தில் பல கடைகளின் முகப்பில் ஒவ்வொரு செயலிக்கும் ஒன்றாகப் பல ஒட்டுவில்லைகள் இருந்தன. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க, 2018 செப்டம்பரில் எஸ்ஜிகியூஆர் அறிமுகமானது. சிங்கப்பூர் நாணய ஆணையமும் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமும் முன்னின்று கொண்டுவந்த அந்த ஒரே குறியீட்டுக்குள் 27 செலுத்துமுறைகள் அடங்கும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது.

ஆனால், குறியீடு ஒன்றாகிவிட்டதே தவிர ஒப்பந்தம் ஒன்றாகிவிடவில்லை. எந்தெந்தச் செயலிகளை ஏற்பது என்பதைக் கடைக்காரர்தான் முடிவு செய்து, அவற்றுக்குத் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். ஒட்டுவில்லையில் எந்தச் சின்னங்கள் இருக்கின்றனவோ அவை மட்டுமே அங்கே செல்லும். இந்தச் சுமையைக் குறைக்க, ஒரே நிறுவனத்திடம் பதிவு செய்தால் பல செயலிகளையும் ஏற்கலாம் என்ற ‘எஸ்ஜிகியூஆர் பிளஸ்’ ஏற்பாட்டை 2023 நவம்பரில் சாங்கி வட்டாரத்தில் சோதித்துப் பார்த்தார்கள்.

ஆக, சிறிய கடைக்காரர் ஒருவர் மறுத்தால், அது பெரும்பாலும் நம்மை மறுப்பதாகாது. ஒரு கட்டணத்தையோ ஒரு பதிவு வேலையையோ மறுப்பதாகும்.

அமெரிக்கர்கள் கோபப்பட்டபோது

அப்படியானால் பயனீட்டாளர் கோபப்படவே கூடாதா? படலாம். அதற்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவில் இருக்கிறது.

2014 அக்டோபர் 20ஆம் தேதி அங்கே ஆப்பிள் பே அறிமுகமானது. ரைட் எய்டு, சிவிஎஸ் என்ற இரண்டு பெரிய மருந்துக்கடைத் தொடர்களின் கருவிகளில் அது முதல் சில நாள்கள் வேலை செய்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை. இரண்டு நிறுவனங்களும் அந்த வசதியை நிறுத்திவிட்டன. நேற்றுவரை வேலை செய்த கருவி இன்று வேலை செய்யவில்லை. ஆப்பிள் பே மட்டுமன்றி, அதே தொழில்நுட்பத்தில் இயங்கிய கூகல் வாலட்டும் சேர்ந்தே நின்றுபோனது.

காரணம் கருவியில் இல்லை. வால்மார்ட், டார்கெட் உட்படப் பல பெரிய வணிகர்கள் 2012இல் எம்சிஎக்ஸ் என்ற கூட்டமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். ரைட் எய்டும் சிவிஎஸ்சும் அதில் உறுப்பினர்கள். ‘கரண்ட்சி’ என்ற சொந்தச் செயலியை அந்தக் கூட்டமைப்பு உருவாக்கிக்கொண்டிருந்தது. பணத்தை வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கிலிருந்து நேரே எடுத்தால் அட்டைக் கட்டணம் மிச்சம். யார், என்ன, எப்போது வாங்குகிறார் என்ற விவரமும் வணிகர்களிடமே இருக்கும்.

பயனீட்டாளர்கள் சும்மா இருக்கவில்லை. அந்தக் கடைகளைப் புறக்கணிக்க வேண்டும் என்று சமூக ஊடகங்களில் குரல் எழுந்தது. இன்னும் சோதனைக் கட்டத்தையே தாண்டாத கரண்ட்சி செயலிக்கு ஒற்றை நட்சத்திரங்கள் குவிந்தன. போட்டி நிறுவனமான வால்கிரீன்ஸ் ஆப்பிள் பேயை ஏற்றதால், மாற்றுக் கடைக்கும் பஞ்சமில்லை. அதே மாத இறுதியில், கரண்ட்சியைச் சோதித்துக்கொண்டிருந்த சிலரின் மின்னஞ்சல் முகவரிகள் திருடுபோயின. இருந்த கொஞ்ச நம்பிக்கையும் ஆட்டம் கண்டது.

ரைட் எய்டு 2015 ஆகஸ்டில் இறங்கிவந்தது. கரண்ட்சி 2016 ஜூனில் மூடப்பட்டது. சிவிஎஸ் 2018இல் ஆப்பிள் பேயை ஏற்றுக்கொண்டது, டார்கெட் 2019இல். வால்மார்ட் மட்டும் தன் அமெரிக்கக் கடைகளில் ஆப்பிள் பே வேண்டாம் என்று சொல்லி, சொந்தமான வால்மார்ட் பேயை வளர்த்தது. அப்படியும் அதன் கடைகளில் கூட்டம் குறையவில்லை. விலை மலிவாக இருந்தால் மக்கள் மற்றதைப் பொறுத்துக்கொள்கிறார்கள் போலும்.

இந்தக் கதையில் மறுத்தவர்கள் பெரிய நிறுவனங்கள். தங்கள் செயலிக்கு வாடிக்கையாளரைத் தள்ளிக்கொண்டு போவதற்காக, வேலை செய்துகொண்டிருந்த வசதியையே அணைத்தார்கள். அங்கே ஒற்றை நட்சத்திரத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. அதே நட்சத்திரத்தைத்தான் நான் ஒரு மீ கோரெங் கடையின் மீது எறிந்திருந்தேன்.

கடற்பாலத்துக்கு அப்பால்

மலேசியாவில் நடந்ததையும் பார்க்கலாம். டூயிட்நவ் கியூஆர் வழிப் பரிவர்த்தனைகளுக்கு வணிகர்களிடம் கட்டணம் பெறுவதில் இருந்த விலக்கு 2023 நவம்பர் 1ஆம் தேதியுடன் முடிவுக்கு வரும் என்ற செய்தி அந்த ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. இரவுச் சந்தைக் கடைக்காரர்கள் மீண்டும் ரொக்கத்துக்கே திரும்பிவிடுவார்களோ, கட்டணத்தை விலையில் ஏற்றிவிடுவார்களோ என்று மக்கள் கவலைப்பட்டார்கள், எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த எதிர்ப்பு கடைக்காரர்மேல் பாயவில்லை என்பதுதான். கட்டணத்தை யார் விதிக்கிறார்களோ அவர்களை நோக்கிப் போனது. சில வங்கிகளும் மின்பணப்பை நிறுவனங்களும் சிறு வணிகர்களிடம் அதை வசூலிக்கப்போவதில்லை என்று அறிவித்தன. வாங்குபவரும் விற்பவரும் ஒரே பக்கம் நின்றதால் கிடைத்த பலன் இது.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், கேட்டுவிட்டு வாங்குவோம். மீ கோரெங் வாணலியில் வேகத் தொடங்கிய பிறகு, ‘இது இல்லையா?’ என்று கேட்பதில் இரு தரப்புக்கும் சங்கடம்தான்.

இரண்டாவது, கடைக்காரரிடம் தெளிவான அறிவிப்பைக் கேட்போம். அது நம் உரிமை. சிங்கப்பூரில் ரொக்கத்தை ஏற்காத கடைகள்கூட, அதை முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதே நாகரிகம் மின்கட்டண முறைகளுக்கும் பொருந்தும். எதை ஏற்கிறோம், எதை ஏற்கவில்லை என்று வரிசை தொடங்கும் இடத்திலேயே ஓர் அட்டையில் எழுதி வைத்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

மூன்றாவது, ஒரே வழியை நம்பி வெளியே போகாமல் இருப்போம். கடை மறுக்காவிட்டாலும் செயலி மறுக்கலாம். 2023 அக்டோபர் 14ஆம் தேதி தரவு நிலையக் கோளாற்றால் டிபிஎஸ், சிட்டிபேங்க் சேவைகள் முடங்கியபோது, கடைவாசலில் கைப்பேசியோடு நின்றவர்களுக்கு இது நன்றாகப் புரிந்திருக்கும். என் தோழியின் பத்து வெள்ளி நோட்டைப் பார்த்து இப்போது நான் சிரிப்பதில்லை.

நான்காவது, கோபத்தை எழுதும்முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம். மறுப்பவர் யார்? அதனால் அவருக்குக் கிடைப்பது என்ன? பதில், ‘பெரிய நிறுவனம், தன் செயலியை நம்மீது திணிக்க’ என்றால் தாராளமாக எழுதலாம். ‘சிறு கடை, தட்டுக்குப் பதினைந்து காசு மிச்சம் பிடிக்க’ என்றால், நம் கேள்வி கட்டணம் வாங்குபவரிடம் போகட்டும்.

என் ஒற்றை நட்சத்திரத்தை நீக்கிவிட்டேன். அந்த இடத்தில் இப்படி எழுதினேன்: ‘பேநவ், ரொக்கம் மட்டும். வங்கி அட்டை செல்லாது. மதியம் பன்னிரண்டரைக்குமேல் கூட்டம் அதிகம். மீ கோரெங் நன்றாக இருக்கும். காரம் குறைவாக வேண்டுமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.’ அடுத்து அங்கே போகிறவருக்கு உதவுவது இந்த வரிகள்தானே தவிர, என் எரிச்சல் அன்று.

எழுதியது நான்தான் என்று அந்த அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. அவருடைய மகள் இந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டினால், தெரிந்துகொள்வார்.