மதுசூதனும் மதராஸ் ரெபெக்காவும்

வங்கக் கவிதையின் போக்கையே மாற்றிய மைக்கேல் மதுசூதன் தத், 1848 ஜூலை 31 அன்று மதராஸில் ரெபெக்காவைக் கைப்பிடித்தார். வங்காளி இளைஞன், ஐரோப்பிய வழிப் பெண். காதல் நிறபேதத்தை வென்றது என்றே இந்தக் கதையைச் சொல்லி வருகிறார்கள். அவர்கள் சந்தித்த இடத்தைக் கவனித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1843இல் கிறிஸ்தவரானதால் கல்கத்தாவின் இந்துக் கல்லூரியில் மதுசூதன் படிப்பைத் தொடர முடியவில்லை. சில ஆண்டுகளில் தந்தையும் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டார். பிழைப்புத் தேடி மதராஸ் வந்தவருக்கு அனாதை இல்லப் பள்ளியில்தான் வாத்தியார் வேலை கிடைத்தது. ரெபெக்கா அந்த அனாதை இல்லச் சூழலிலேயே வளர்ந்தவர். சுவரை யாரும் இடிக்கவில்லை. இரு சமூகங்களும் ஒதுக்கியவர்கள் ஒதுங்கிய மூலை ஒன்றே, அவ்வளவுதான்.

பெண்ணைச் சேர்ந்தவர்கள் கடுமையாக எதிர்த்ததாக மதுசூதனே கல்கத்தா நண்பர் கௌர்தாஸ் பசாக்குக்கு எழுதியிருக்கிறாரே, சுவர் இல்லாமலா எதிர்ப்பு வந்தது என்று கேட்கலாம். சுவர் இருந்தது, ஆனால் அதைக் காவல் காக்க ரெபெக்காவுக்கு அந்தஸ்துள்ள தகப்பன் இல்லை. மாமனார் அவுரித் தோட்ட முதலாளி என்று மதுசூதன் நண்பரிடம் சொல்லிக்கொண்டார். ஆவணங்களைத் துருவிய வாழ்க்கை வரலாற்றாசிரியர் குலாம் முர்ஷித் கண்டதோ பீரங்கிப் படையின் சாதாரணச் சிப்பாயை. நிறபேதத்தை வென்றவருக்கு மாமனாரின் அந்தஸ்தை உயர்த்திச் சொல்லும் தேவை ஏன் வந்தது?

அப்படியானால் காதலே இல்லையா? இருந்திருக்கும். சொற்பச் சம்பளத்தில் ஏழாண்டுக்கு மேல் குடித்தனம், நான்கு குழந்தைகள். வெறும் வசதிக்காக இதையெல்லாம் யாரும் சுமப்பதில்லை. ஆனால் அந்த மூலைக்கு வெளியே இந்த மணம் நிற்கவில்லை. 1855இல் மதுசூதனின் தந்தை இறந்தார். மறு ஆண்டு சொத்தைத் தேடி அவர் கல்கத்தா போனார். அங்கே அவருக்கு ஊர் இருந்தது, மொழி இருந்தது, பின்னாளில் அவர் எழுதிய 'மேகநாத வத காவிய'த்துக்காகக் காத்திருந்த வாசகர்கள் இருந்தார்கள். ரெபெக்காவுக்கு மதராஸைவிட்டால் போக்கிடமில்லை. மதராஸில் உடன் வேலை பார்த்த ஆசிரியர் ஒருவரின் மகளான ஹென்றியட்டா பின்னர் கல்கத்தா போய் அவருடன் சேர்ந்தார். அவரைப் பிரெஞ்சுக்காரி என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். இந்தக் கதையில் எல்லாருக்குமே ஒரு படி உயர்ந்த பிறப்பு தேவைப்பட்டிருக்கிறது! 1873 ஜூனில் மூன்று நாள் இடைவெளியில் ஹென்றியட்டாவும் மதுசூதனும் இறந்தார்கள். அவர்களின் கல்லறைகள் கல்கத்தாவில் அருகருகே இருக்கின்றன. ரெபெக்கா விவாகரத்துப் பெறவில்லை, 1892இல் மதராஸிலேயே காலமானார்.