குட்டி நாய் திடீரெனச் சாவது ஏன்? பரம்பரை இதயக் கோளாறும் காரணமாகலாம்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத்தையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில், பல் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்துத்தான் விவசாயிகள் மாடு பிடிப்பார்கள். அதே விவசாயி காவலுக்கு நாய்க்குட்டி வாங்கும்போது நிறத்தையும் காதையும் மட்டுமே பார்க்கிறார். தாய் தகப்பனைப் பற்றி விசாரிப்பதில்லை.

பட்டிக்கும் பம்புசெட்டுக்கும் காவலாக, விலை கொடுத்து வாங்கி வளர்த்த அல்சேஷன் குட்டி ஒரு நாள் காலையில் செத்துக் கிடந்தால், பாம்பு தீண்டியது என்றோ, யாரோ விஷம் வைத்தார்கள் என்றோ நினைக்கிறோம். அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் பரம்பரையாக வரும் இதயத் துடிப்புக் கோளாறும் ஒரு காரணமாகும்.

இதயமும் நரம்பும்

இதயம் தானே துடிக்கும் உறுப்பு. அதன் வேகத்தை இருவகை நரம்புகள் ஆள்கின்றன. தார்க்குச்சியைப் போலத் துடிப்பை விரட்டுவது பரிவு நரம்பு. மூக்கணாங்கயிற்றைப் போல இழுத்துப் பிடிப்பது வேகஸ் நரம்பு. ஓய்வாக உள்ள வளர்ந்த நாய்க்கு நிமிடத்துக்குச் சுமார் 60 முதல் 140 துடிப்பு இயல்பு. மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதும், விடும்போது தாமதிப்பதும் வேகஸ் நரம்பின் வேலையே. நாய்களில் இது நோயன்று.

அல்சேஷனில் கண்ட குறை

ஜெர்மன் ஷெப்பர்டு எனப்படும் அல்சேஷன் இனத்தில் இந்தப் பரம்பரைக் கோளாறு இருப்பதை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 1990-களில் விளக்கினர். நோயுற்ற குட்டிகளின் இதயத்தில், இடது கீழறையின் சில பகுதிகளில் பரிவு நரம்பு சரிவரப் பரவவில்லை. சுமார் 3 மாத வயதில் தவறான துடிப்புகள் தோன்றி, ஒரு வயதுக்குள் உச்சமடைகின்றன. சாவு பெரும்பாலும் 4 முதல் 18 மாதத்துக்குள், தூக்கத்திலோ ஓடியாடிய பின் படுத்திருக்கும்போதோ நேரிடுகிறது. முன்னறிகுறி இருப்பதில்லை.

18 மாதத்தைத் தாண்டிய நாய்க்கு ஆபத்து குறைகிறது. பார்வைக்கு நல்ல திடமாகவே இருக்கும். அதை இனப்பெருக்கத்துக்கு விட்டால் குறை அடுத்த ஈற்றுக்கும் போகும். கவனிக்க வேண்டியது இதுவே.

செய்ய வேண்டியவை

குட்டி வாங்குமுன் தாய், தகப்பன், கூடப் பிறந்தவை பற்றி விசாரியுங்கள். இளவயதில் திடீர்ச் சாவு கண்ட ஈற்றில் குட்டி எடுக்காதீர்கள். அந்த ஜோடியை மீண்டும் சேர்க்கக் கூடாது.

தகப்பனோடு மகளையும், கூடப் பிறந்தவற்றையும் சேர்க்காதீர்கள். நெருங்கிய உறவில் சேர்த்தால் மறைந்துள்ள குறைகள் வெளிப்படும். நம் ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு காணப்படுவதும் பரம்பரைக் குறையே.

தொடையின் உட்புறம் விரல் வைத்து நாடி பாருங்கள். மூச்சோடு சேராமல் துடிப்பு விட்டுவிட்டு வந்தாலோ, நாய் மயங்கி விழுந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இ.சி.ஜி. எடுக்கும் வசதி சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் உண்டு. சில நிமிடப் பதிவில் கோளாறு தெரியாமல் போகலாம். அப்போது 24 மணி நேரப் பதிவு தேவைப்படும். மனிதருக்கான இதய மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

குட்டி திடீரெனச் செத்தால் புதைக்குமுன் பிரேதப் பரிசோதனைக்குக் கேளுங்கள். விஷமா, வேறு நோயா என்று அறிய அது உதவும். குட்டி கொடுத்தவருக்கும் தகவல் சொல்லுங்கள். வீண் பழி ஒழியும். அடுத்த ஈற்றும் தப்பும்.